கைக்காரியும் கால்காரியும்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கைக்காரி என்று பெயர். கைராசிக்காரி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். குரங்கு நடக்கும் படத்தை மெதுவாக ஓடவிட்டு, அதன் முன்னங்கைகள் எந்த நொடியில் மரக்கட்டையைத் தொடுகின்றன என்று பார்த்துப் பொத்தானை அமுக்குவது அவள் வேலை. பின்னங்கால்களைப் பார்த்து அமுக்குவது அவளுடைய நாத்தனாரின் வேலை. ஆகவே அவள் கால்காரி. ஒரு குரங்கை ஒரே ஆள் பார்த்தால் என்ன என்று கைக்காரியின் வீட்டுக்காரர் பலமுறை கேட்டிருக்கிறார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கை ஒருத்தரும் பிரேக்கை இன்னொருத்தரும் பிடித்துக்கொள்கிற வண்டியை அவர் இதுவரை பார்த்ததில்லை.

காரணம் இருந்தது. கூண்டுக்குள் இடுப்புயரத்தில் ஒரு நீளமான கட்டை, அதன் இரு முனைகளுக்கும் எதிரே ஒவ்வொன்றாக இரண்டு கேமரா. குரங்கு முன் கேமராவைப் பார்த்து நடந்து வரும்போது கைகள் நன்றாகத் தெரியும், கால்களை வயிறு மறைத்துவிடும். அதே நடையைப் பின் கேமராவில் பார்த்தால் கால்கள் மட்டும் தெரியும். எனவே ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு திரை, முதுகோடு முதுகாக இரண்டு மேசைகள்.

இதில் கைக்காரியின் பாடு கொஞ்சம் கூடுதல். பின்னால் இருந்து பார்க்கிறவளுக்கு இடது இடதுதான், வலது வலதுதான். எதிரே வருகிற குரங்கின் வலது கையோ திரையில் இடது பக்கம் தெரியும். அதை மனசுக்குள் திருப்பித்தான் அவள் குறிக்க வேண்டும். பதினோரு வருடமாகத் திருப்பித் திருப்பி, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வகிடு எடுப்பதே அவளுக்குத் தகராறாகிவிட்டது.

தப்பு நேராமல் இருக்க இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் முதல் அடியை வாய்விட்டுக் கூப்பிடுவார்கள். "இடது கால்!" என்று கால்காரி குரல் கொடுப்பாள். "வலது கை!" என்று கைக்காரி பதில் கொடுப்பாள். இது எந்த விதிமுறையிலும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்காமல் இருக்க அவர்களாக ஆரம்பித்தது. காய்கறி ஏலம் மாதிரி இருக்கிறது என்று பேராசிரியர் முகம் சுளிப்பார், ஆனால் தடுத்ததில்லை.

பேராசிரியர் நல்லவர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்தான் உண்டு, நடை. யார் அறைக்குள் வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

"நாய், பூனை, மாடு, குதிரை எல்லாம் ஒரு கட்சி," என்பார். "இடது பின்னங்கால் ஊன்றினா அடுத்து அதே பக்கத்து முன்னங்கால். ஒரு பக்கம் முடிச்சுட்டு மறுபக்கம். குரங்கு தனிக்கட்சி. இடது கால் ஊன்றினா அடுத்து வலது கை. குறுக்கே போகும். கிளையில நடக்கிறவனுக்கு அதுதான் வசதி போல. நீங்க தெருவில கையை வீசிக்கிட்டுப் போகும்போது பாருங்க, இடது கால் முன்னே போனா வலது கை முன்னே போகும். நாமளும் அந்தக் கட்சிதான்!"

இப்படி முப்பது வருடம் குறுக்கு நடையைப் பற்றியே பேசிவிட்டு, நாயைப் போல நடக்கிற குரங்கு ஒன்று எங்காவது கிடைக்காதா என்று அவர் உள்ளூர ஏங்கிக்கொண்டிருந்தார். பெரிய விதியைச் சொன்னவர்கள் நிறைய. அதற்கு விலக்கைக் கண்டுபிடித்தவனைத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்பது அவர் கணக்கு.

கைக்காரியின் கணக்கு வேறு. பதினோரு வருடமாக அவளுக்கு ஆறு மாத உத்தரவுதான். ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம். இதுவரை இருபத்திரண்டு உத்தரவுகள் வாங்கியாகிவிட்டது. கால்காரி இரண்டு வருடம் பிந்தி வந்தும், ஆபீசில் ஏதோ ஒரு கோப்பு இடம்மாறிய புண்ணியத்தில் நிரந்தரமாகிவிட்டாள். கைக்காரி மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசி வாரத்தில் உத்தரவு வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரே வாரத்தில் மூன்று விஷயங்கள் நடந்தன. முதலாவது, மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு புதுக் குரங்கு வந்தது. அதுவும் ஆறு மாத இரவல்தான். வைத்த பழத்தை உடனே தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் முறுக்கிக் காட்டிவிட்டுத்தான் எடுக்கும் என்பதால், குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். இரண்டாவது, படம் பார்க்கிற கணினிக்குப் புது மென்பொருள் போட்டார்கள். போட்டவள் கால்காரி. இதிலெல்லாம் அவளுக்குக் கை தேர்ச்சி அதிகம். மூன்றாவது, அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்றது.

எல்லாம் ஒரு போட்டோவால். இருபது வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் வேன் ஓட்டியதற்காக வீட்டுக்காரருக்குப் பள்ளியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்தபடி அவர் நடுவில், இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் தங்கை. தங்கை அண்ணன் தோளில் கை போட்டிருந்தாள். கைக்காரி அதைச் சட்டம் போடக் கொடுத்தாள். சட்டம் சிறியது, படம் பெரியது. கடைக்காரர் ஓரத்தை வெட்டிவிட்டார். ஓரத்தில் இருந்தது நாத்தனார்.

கூடத்தில் மாட்டியிருந்த படத்தை, அதே வீட்டு மாடியில் குடியிருக்கும் கால்காரி இறங்கி வந்து வெகுநேரம் பார்த்தாள். அண்ணன் தோளில் மணிக்கட்டு வரை ஒரு கை மட்டும் இருந்தது.

"இது யாரு கை, அண்ணி?"

"உன் கைதான்."

"அப்ப மீதி நான் எங்க?"

அந்த இடத்தில் கைக்காரி சிரிக்காமல் இருந்திருக்கலாம். சிரித்துத் தொலைத்தாள்.

"கடைக்காரன் வெட்டினான்னு சொல்லாதீங்க. நீங்க பார்த்துட்டுத்தானே வாங்கிட்டு வந்தீங்க? பார்த்துட்டு, பரவாயில்லைன்னு தோணியிருக்கு. அதுதான் எனக்கு."

உண்மையில் கைக்காரிக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது. மறுபடி பஸ் ஏறிக் கடைக்குப் போக அலுப்பாக இருந்தது. உண்மையாக இருந்ததாலேயே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வார்த்தை தடித்தது. அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது.

அதன்பிறகு வீட்டில் தகவல் எல்லாம் வேன்காரர் வழியாகத்தான். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, மொட்டைமாடியில தண்ணிக்குழாய் ஒழுகுதுன்னு." "அண்ணா, அண்ணிகிட்ட சொல்லிடு, குழாய்க்காரர்கிட்ட சொல்லியாச்சுன்னு." இருவரும் ஒரே கூடத்தில்தான் நிற்பார்கள். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

ஆபீசில் தூது போக ஆளில்லை. எனவே கால்காரி துண்டுச்சீட்டு எழுதி அண்ணியின் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவாள். கைக்காரி அதைப் பிரித்துப் பார்க்காமலே மேசை இழுப்பறையில் போடுவாள். படித்தால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் இறங்கிப் போனதாகிவிடும். முதல் அடியைக் கூப்பிடும் வழக்கமும் அந்த வாரத்தோடு போயிற்று. அறையில் பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது.

மாப்பிள்ளையின் முதல் ஐம்பது நடைகளைக் குறித்து முடித்தபோது பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கையையும் காலையும் கணினி சேர்த்துப் பார்த்ததில், இடது கால், இடது கை, வலது கால், வலது கை என்று வந்தது. சுத்தமான நாய் நடை! இருநூறு நடைகளும் முடிந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு அப்படியே இருந்தது. மனிதர் கூண்டுக்கு முன்னால் போய் நின்று மாப்பிள்ளையைக் கும்பிடாத குறை.

"நம்ம ஆய்வைப் பரிசோதிக்கக் குழு வருது," என்று அவர் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த வெள்ளிக்கிழமை. இதை அவங்க ஒத்துக்கிட்டா நம்ம கூடத்துக்கே ஒரு மரியாதை. உங்க நிரந்தர உத்தரவும் அன்னைக்கே கையெழுத்தாகும்மா, நான் பேசிட்டேன்." கடைசி வாக்கியம் கைக்காரிக்கு. அவள் கால் தரையில் பாவவில்லை. "ஆனா அவங்க கேட்பாங்க, சரிபார்த்தீங்களான்னு. அதனால இருநூறையும் மறுபடி முதல்ல இருந்து குறிச்சிடுங்க. பழைய குறிப்பைப் பார்க்கக் கூடாது. முக்கியமா, ஒருத்தரை ஒருத்தர் கேட்கக் கூடாது."

"அது ஒண்ணும் கஷ்டமில்லைங்க ஐயா," என்றாள் கால்காரி.

மறுநாள் காலை காப்பாளர் டீ குடிக்க அறைக்கு வந்தார். கைக்காரியின் திரையில் மாப்பிள்ளை கட்டை மேல் நின்றுகொண்டிருந்தது.

"அந்த இடது காதுல பழைய கிழிசல் மறுபடி புண்ணாயிடுச்சு. மருந்து போட்டிருக்கேன்," என்றார்.

கைக்காரி திரையைப் பார்த்தாள். கிழிந்த காது திரையின் இடது பக்கம் இருந்தது. "வலது காதுங்க அது. எதிரே நிக்கிறதோட வலது நமக்கு இடதாத் தெரியும்."

"எனக்கெதுக்கும்மா எதிரும் புதிரும்? மடியில உட்காரவச்சு, அது பார்க்கிற பக்கமே நானும் பார்த்துக்கிட்டுப் போட்டேன். இந்தக் கையால." அவர் இடது கையைக் காட்டினார். "இடதுதான்."

கைக்காரி மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள். திரையில் இடது பக்கம் இருப்பது நிஜமாகவே இடது காது என்றால், படத்தை யாரோ ஏற்கெனவே திருப்பியிருக்கிறார்கள். திருப்பிய படத்தை அவள் நான்கு மாதமாக மனசுக்குள் மறுபடி திருப்பிக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் இருநூறு நடைகளிலும் வலது கை என்று அவள் குறித்ததெல்லாம் இடது கை.

காப்பாளர் போனதும் இழுப்பறையைத் திறந்தாள். பத்தொன்பது சீட்டுகள். அடியில் இருந்ததை முதலில் எடுத்தாள். கால்காரியின் குண்டுக் கையெழுத்து: 'அண்ணி, புது மென்பொருளில் முன் கேமராப் படம் தானாகவே திரும்பிவிடும். இனி நீங்கள் மனதில் திருப்ப வேண்டாம். திரையில் தெரிகிற பக்கத்தையே குறிக்கவும்.'

நாய் நடையும் இல்லை, பூனை நடையும் இல்லை. மாப்பிள்ளை பாவம், எல்லாக் குரங்கும் நடக்கிற மாதிரிதான் நடந்திருக்கிறான். காலை ஒருத்தி சரியாகக் குறித்திருக்கிறாள், கையை ஒருத்தி மாற்றிக் குறித்திருக்கிறாள், இரண்டையும் சேர்த்தால் நாய். பேராசிரியரின் முப்பது வருட ஏக்கம் ஒரு படிக்காத சீட்டில் தீர்ந்திருந்தது.

மீதிச் சீட்டுகளையும் அவள் படித்தாள், படிக்காமல் இருந்திருக்கலாம். 'உங்கள் பை ஜிப் திறந்திருக்கிறது.' அன்றைக்குத்தான் குடை தொலைந்தது. 'அண்ணனுக்கு இன்று பல் டாக்டர். ஞாபகப்படுத்தவும்.' அவர் அந்த வாரம் முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டு வேன் ஓட்டினார். 'போட்டோவின் வெட்டிய துண்டு கடையில் பத்திரமாக இருக்கிறதாம். விசாரித்தேன். நான் கேட்டதற்குக் கொடுக்கவில்லை, கொடுத்தவர் வந்தால்தான் தருவாராம்.' அதைப் படித்ததும் அவளுக்குக் கண் கரித்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

அப்போதே எழுந்து அந்தப் பக்கம் போய், "ஏம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு," என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு அடி தூரம்தான். ஆனால் நான்கு மாதம் மூடிய வாயைத் திறந்து முதலில் சொல்வது தன் முட்டாள்தனமாகவா இருக்க வேண்டும்? அவளால் முடியவில்லை. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுபடி குறிக்கத்தானே சொல்லியிருக்கிறார்? இந்தமுறை ஒழுங்காகக் குறித்துவிடலாம். நடை குறுக்கு நடையாகிவிடும். பேராசிரியர் ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார், நிரந்தர உத்தரவு போனாலும் போகும், ஆனால் யார் தப்பு என்று தெரியாமல் போய்விடும். முன்பு போல ஆறு மாதமாவது மிஞ்சும். ஐந்து நாள் குனிந்த தலை நிமிராமல் இருநூறையும் குறித்து முடித்தாள். முதுகுக்குப் பின்னால் கால்காரியின் பொத்தானும் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பேராசிரியர் தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். கைக்காரி திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றாள்.

"தொண்ணூற்றாறு!" என்று கத்தினார். "அதே தொண்ணூற்றாறு! ஒரு புள்ளி மாறலை! நாய் நடையேதான்!"

கைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் தன் கையாலேயே மாற்றியிருக்கிறாள். மாற்றியும் மாறவில்லை என்றால்? ஒருவேளை இந்தக் குரங்கு நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறதா? சந்தேகம் தாங்காமல் நேரே கூண்டுக்குப் போனாள். அந்தக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தும், ஒரு குரங்கை முழுசாகப் பக்கவாட்டில் நின்று அவள் பார்த்தது அன்றைக்குத்தான். மாப்பிள்ளை கட்டை மேல் ஏறி, அவளை ஒருமுறை முறைத்துவிட்டு, நிதானமாக நடந்தது. இடது கால் ஊன்றியது. அடுத்து வலது கை. வலது கால், அடுத்து இடது கை. குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி நடந்துகாட்டியது.

கை சரி. அப்படியென்றால் கால்தான் தப்பு.

கால்காரி கைகழுவும் இடத்தில் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். கைக்காரி அவள் பின்னால் போய் நின்றாள்.

"காலை மாத்திக் குறிச்சியா?"

நான்கு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது. கால்காரி குழாயை மூடினாள். திரும்பாமலே கேட்டாள்: "நீங்க கையைச் சரி பண்ணிட்டீங்களா?"

"ஆமா."

"ஐயோ அண்ணி!"

டப்பா மூடி தொட்டிக்குள் விழுந்தது.

"ரெண்டு வாரம் முன்னாடி தண்ணி எடுக்கப் போகும்போது உங்க திரையைப் பார்த்தேன்," என்றாள் கால்காரி. "நீங்க கையை மாத்தி மாத்தி அமுக்கிட்டு இருந்தீங்க. சீட்டைப் படிக்கலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்ல? உங்ககிட்ட பேச்சு இல்லை. ஐயாகிட்ட சொன்னா உங்களை அன்னைக்கே அனுப்பிடுவாரு. அப்புறம் அண்ணன் முகத்துல எப்படி முழிக்கிறது? மறுபடி குறிக்கச் சொன்னதும் யோசிச்சேன். கையும் தப்பு, காலும் தப்புன்னா நடை சரியாயிடும் இல்லையா? குரங்கு கண்ணாடியில நடக்கிற மாதிரி ஆயிடும், அவ்வளவுதானே. அதான் இருநூறு நடைக்கும் காலை மாத்திப் போட்டேன். நீங்க திருந்துவீங்கன்னு நான் கண்டேனா?"

கைக்காரிக்கு அவளை ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தொட்டிக்குள் கை விட்டு மூடியை எடுத்துக் கொடுத்தாள்.

"என்னைக் காப்பாத்த நீ இவ்வளவு பாடுபட்டிருக்கே. நான் என்னை நானே காப்பாத்திக்கிட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"சரி விடுங்க. இப்ப என்ன பண்றது?"

வியாழக்கிழமை காலை இருவரும் சேர்ந்தே பேராசிரியரிடம் போனார்கள். அவர் வழக்கம்போல இருவர் கால்களையும் பார்த்தார். கைக்காரி சொன்னாள்: "ஐயா, குறிச்சதுல தப்பு இருக்குங்க. முதல் தடவை என் கை தப்பு. ரெண்டாவது தடவை அவ கால் தப்பு."

பேராசிரியர் விரல் விட்டு எண்ணினார். "முதல் தடவை ஒரு தப்பு. ரெண்டாவது தடவை வேற ஒரு தப்பு. ரெண்டும் சேர்ந்து ஒரே விடை. ஒரு புள்ளிகூட மாறாம. அதைத்தானே சொல்றீங்க?"

"ஆமாங்க ஐயா."

"அதைவிடக் குரங்கு நாய் மாதிரி நடக்குதுன்னு நம்புறது எனக்குச் சுலபமா இருக்கும்மா." அவர் சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் நாலு மாசமாப் பேசிக்கிறதில்லைன்னு காப்பாளருக்குக்கூடத் தெரியும். பேசிக்காத ரெண்டு பேர் தனித்தனியாக் குறிச்சு ஒரே முடிவு வந்திருக்கு. இதைவிட நல்ல சாட்சி எங்க கிடைக்கும்? குழுன்னா எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும். நீங்க வாயைத் திறக்காம இருங்க, போதும். உத்தரவு தயாரா இருக்கு."

வெளியே வந்ததும் கால்காரி சொன்னாள்: "நான் நிரந்தரம், அண்ணி. என்ன நடந்தாலும் என்னைத் திட்டுவாங்க, அவ்வளவுதான். போகப்போறது உங்க உத்தரவு. அதனால நாளைக்கு நானா முதல் அடியைக் கூப்பிட மாட்டேன். நீங்க கேட்டா பதில் சொல்லுவேன்."

வெள்ளிக்கிழமை குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவி ஒரு வயதான அம்மாள், பேனாவைக் காதில் செருகிக்கொண்டிருந்தார். பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். மேசை மேல் கோப்பும், கோப்பின் மேல் கைக்காரியின் நிரந்தர உத்தரவும் இருந்தன. கீழே கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அது தலைகீழாகத் தெரிந்தது, ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் அவளால் படிக்க முடிந்தது.

"எல்லாம் சரி," என்றார் தலைவி. "குறிக்கிறது எப்படின்னு ஒருதரம் பார்க்கலாமா?"

பேராசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. இருவரையும் முதுகோடு முதுகாக உட்காரவைத்தார். படம் ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளை கட்டையில் ஏறியது. பொத்தானை மட்டும் அமுக்கினால் போதும், அறையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு உத்தரவுகளையும், அவற்றின் கடைசி வாரங்களையும் கைக்காரி நினைத்துப் பார்த்தாள். வீட்டுச் சுவரில், ஆளில்லாத அந்தக் கையையும் நினைத்துப் பார்த்தாள்.

"முதல் கால் எது, சொல்லும்மா," என்றாள் உரக்க.

"இடது கால்!" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, நான்கு மாதம் தேக்கிவைத்த குரல்.

"வலது கை!"

"வலது கால்!"

"இடது கை!"

பேராசிரியரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. தலைவி காதிலிருந்த பேனாவை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கை விரல்களாலும் மேசை மேல் நடந்து பார்த்தார். "இது நாய் நடையா?" என்று கேட்டார். "இந்த ஒரு படம் மட்டும்..." என்றார் பேராசிரியர். அடுத்த படத்தைப் போடச் சொன்னார்கள். அதற்கடுத்ததையும். பத்துப் படம் வரை பார்த்தார்கள். பத்திலும் மாப்பிள்ளை அசல் குரங்காகவே நடந்தது. அந்த உத்தரவைத் தலைவி கோப்புக்குள் வைத்துக் கட்டியபோது, கைக்காரிக்கு வயிறு எரிந்தது. உண்மை சொன்ன நிம்மதி என்று ஒன்று வருமாமே, அது அன்றைக்கு வரவேயில்லை.

அடுத்த வாரம் குழுவின் கடிதம் வந்தது. பேராசிரியர் அதை உயிரில்லாத குரலில் படித்தார். ஒன்று, கண்டுபிடிப்பு ரத்து. இரண்டு, மேற்படி குரங்கு தன் இனத்துக்குரிய முறையில் ஒழுங்காக நடப்பது உறுதியானதால், மேல் ஆய்வுக்கு ஏற்றது. அதன் ஆறு மாத இரவல் நிரந்தரமாக்கப்படுகிறது. மூன்று, குறிப்பவர்கள் இருவரும் உறவினர்கள் என்பதும், ஒருவரையொருவர் வாய்விட்டுக் கேட்டுக் குறிக்கிறார்கள் என்பதும் குழுவின் கவனத்துக்கு வந்தது. இவ்வளவு பெரிய பிழைக்கு அந்த நெருக்கமே காரணம் எனத் தெரிவதால், இனி அவர்கள் தனித்தனி அறைகளில் வேலை செய்ய வேண்டும். முன்னங்கைப் பிரிவு ஊழியருக்கு ஆறு மாதம் நீட்டிப்பு.

"மாப்பிள்ளைக்கு நிரந்தரமா?" என்றார் காப்பாளர். "நடந்ததைத் தவிர அவன் ஒண்ணும் பண்ணலையே!"

அன்று சாயங்காலம் கைக்காரி பஸ் ஏறிச் சட்டக்கடைக்குப் போய், வெட்டிய துண்டை வாங்கி வந்தாள். வீட்டுக்காரர் பசை தடவ, அவளே ஒட்டினாள். அண்ணன் தோளில் இருந்த கைக்கு ஒருவழியாக ஆள் வந்து சேர்ந்தது. மணிக்கட்டில் மட்டும் ஒரு கோடு.

"ஒட்டு தெரியுது அண்ணி," என்றாள் கால்காரி, படத்துக்கு முன்னால் நின்று.

"தெரியட்டும். வெட்டினது நான்தானே."

திங்கட்கிழமை கைக்காரி தன் புது அறையில் உட்கார்ந்தாள். ஒரு மேசை, ஒரு திரை, முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். இருபத்து மூன்றாவது உத்தரவை இழுப்பறையில் போட்டுவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். மாப்பிள்ளை கட்டையில் ஏறி, முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு போனால் போகிறதென்று கிளம்பியது. அந்த அறை அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, குழுவின் கடிதத்துக்கு முற்றிலும் விரோதமாக, குரல் வந்தது.

"இடது கால்!"

மாப்பிள்ளை கட்டையில் கை ஊன்றும்வரை கைக்காரி பொறுத்திருந்து பார்த்தாள். பிறகு சுவர் அதிரப் பதில் கொடுத்தாள்.